எர்த் இல்லாத இணையப் பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் மின்கம்பத்தில் உரசும் மரக்கிளை, அறுந்து தொங்கும் கம்பி, திறந்து கிடக்கும் தெருப்பெட்டி எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியிலும், பள்ளிக்கூட வராந்தாவிலும், ஊராட்சி அலுவலகத்தின் மூலையிலும் மாட்டியிருக்கும் இணையப் பெட்டியை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளே ஓடுவது 12 வோல்ட், 48 வோல்ட்தானே என்ற நினைப்பு. அந்த 12-ம் 48-ம் 230 வோல்ட்டிலிருந்துதான் வருகின்றன. பெட்டிக்குள் 230 வோல்ட் நுழைகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நெட்வொர்க் பராமரிப்பையும் மின்பணியையும் அன்றாடத் தொழிலாகக் கொண்டவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியைத் திறந்தால் பல இடங்களில் தெரியும் காட்சி இது. தகரப் பெட்டி. உள்ளே 24 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களுக்கு இணையத்தைப் பிரித்துத் தரும் கருவி) ஒன்று, கேமரா ரெக்கார்டர் ஒன்று, இரண்டு மூன்று அடாப்டர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், படிக்கட்டு விளக்குக்குப் போகும் இரண்டு கம்பி லைனில் முறுக்கி டேப் சுற்றியிருக்கும். கருவியை மண்ணோடு இணைக்க வேண்டிய எர்த் வயர், அதாவது பச்சை வயர், எதிலும் சேராமல் நுனி மடங்கிக் கிடக்கும். இல்லையென்றால் ஜன்னல் கம்பியில் சுற்றியிருக்கும். ஸ்விட்சின் த்ரீ பின் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய தடித்த பின்னைக் காணோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான் இருந்தது, அதனால் குறடால் வெட்டிவிட்டார்கள்.

அந்தத் தடித்த பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளக்கைச் செருகும்போது ஃபேஸும் நியூட்ரலும் தொடுவதற்கு முன்பே எர்த் தொட்டுவிட வேண்டும். பிடுங்கும்போது எர்த் கடைசியாகத்தான் விட வேண்டும். அதாவது, கருவிக்கு மின்சாரம் இருக்கும் எந்த நொடியிலும் அதன் உலோக உடல் மண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். வீட்டு ரவுட்டரின் சின்ன அடாப்டருக்கு இது பொருந்தாது. அதன் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது. இரண்டு பின்னே போதும். உலோக உடல் கொண்ட ஸ்விட்சும், கருவிகளை அடுக்கும் உலோகச் சட்டமான ராக்கும், யுபிஎஸ்ஸும் அப்படியல்ல.

எர்த் இல்லாத ஸ்விட்சின் மேல் கை வைத்தால் ஜிவ்வென்று இழுக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். "இது சும்மா கசிவு, ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கருவியின் பவர் சப்ளையில், மின் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் உலோக உடலோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசிவது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல் நடுவில் மாட்டிக்கொண்டு ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் போவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். அது ஆளைக் கொல்லாது, சரி. ஆனால் ஒரு ராக்கில் இருபது கருவிகளின் எர்த்தும் ஒரே பட்டையில் சேர்ந்திருந்து, பட்டையிலிருந்து மண்ணில் போட்ட எர்த் குழிக்குப் போகும் ஒற்றைக் கம்பி மட்டும் விட்டுப்போயிருந்தால், இருபது கசிவும் ராக்கைத் தொடுகிறவர் உடல் வழியாகவே போகும். மூன்று மில்லி ஆம்பியரைத் தாண்டும். ஏணியில் நிற்கிறவர் கையை உதறிக் கீழே விழ அது போதும். பெரிய கருவிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 3.5 மில்லி ஆம்பியர் வரை கசிவு அனுமதிக்கப்படுகிறது. அப்படி நான்கு இருந்தால் பிடித்த கையை விட முடியாத அளவு வந்துவிடும். தரமான கெபாசிட்டர் பழுதானால் தானே துண்டித்துக்கொள்ளும்படி செய்யப்படுகிறது. மலிவான சப்ளையில் அந்த உறுதி கிடையாது. அது ஷார்ட் ஆனால் முழு 230 வோல்ட்டும் தகரப் பெட்டியில்தான். பச்சை வயரை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தால் அந்த ஜன்னலிலும்தான். தண்ணீர்க் குழாயில் கட்டுகிற பழக்கமும் இன்னும் இருக்கிறது. குழாயெல்லாம் பிவிசி ஆகிவிட்ட காலத்தில் அந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது?

இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. எர்த் இல்லாத பழைய கட்டடத்தில், "த்ரீ பின் பாயிண்ட் வேண்டும்" என்று கேட்டால், சிலர் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் முனையில் மாட்டிவிடுகிறார்கள். இழுப்பது உடனே நின்றுவிடும், டெஸ்டர் எரியாது, மீட்டரில் எல்லா அளவும் அழகாக வரும். வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ஒருநாள் மெயின் போர்டில் நியூட்ரல் ஸ்க்ரூ தளர்கிறது, அல்லது கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போகிறது. ஃபேஸ் மின்சாரம் எரிந்துகொண்டிருந்த விளக்கின் வழியாக நியூட்ரல் கம்பிக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியே எர்த் பின்னுக்கும் ஸ்விட்சின் உடலுக்கும் ராக்குக்கும் ஏறிவிடும். உலோக உறை (ஷீல்டு) உள்ள நெட்வொர்க் கேபிள் போட்டிருந்தால் அடுத்த வீட்டுக் கருவிக்கும் போகும். ஃபியூஸ் போகாது, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே துண்டிக்கும் எம்சிபியும் விழாது (டிரிப் ஆகாது). கரண்ட் இல்லை என்று வீடே நம்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் இணையம் ஏன் வரவில்லை என்று பார்க்க ஒருவர் பெட்டியைத் திறப்பார். அந்த சாக்கெட்டுக்கு வரும் வயரில் யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றியிருந்தால் நியூட்ரல் அறுபடக்கூட வேண்டாம். எர்த் பின்னில் நேராக ஃபேஸ்.

இப்படிப் போட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வயர்மேன் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும், அதுவும் லோடு ஓடும்போது. ஃபேஸ்-நியூட்ரல் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஃபேஸ்-எர்த் அதற்கு நெருக்கமாக வர வேண்டும். நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட் காட்டுவது இயல்பு; பத்து, இருபது என்று ஏறினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. லோடு ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் மகிழ வேண்டாம், சாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் பார்க்க வேண்டும். இன்னொன்று: மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த எர்த்திலும் அது 230 என்றே காட்டும். அதனால்தான் பழைய வயர்மேன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எரியும் பல்பின் மின்தடை 500 ஓமுக்கு மேல். எர்த்தின் தடை 50 ஓமாக இருந்தாலும் பல்பு பளிச்சென்றே எரியும். எர்த் இருக்கிறது என்பதற்கு அது சான்று, நல்ல எர்த் என்பதற்கு அல்ல. எத்தனை ஓம் என்று தெரிய லூப் டெஸ்டர் வேண்டும். இன்று எந்த ஒப்பந்ததாரரும் வாங்கக்கூடிய கருவிதான் அது.

எர்த் குழி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நம் ஊரில் மின்வாரியம் ஃபேஸும் நியூட்ரலும் தருகிறது. எர்த்தைக் கட்டடக்காரர் தன் இடத்தில் போட்டுக்கொள்கிறார். குழியின் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சின் உடலில் ஃபேஸ் பட்டால் ஓடுவது 230-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 19 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதற்கு ஒரு மணி நேரத்தில்கூட விழ வேண்டிய கட்டாயமில்லை. அதுவரை பெட்டியின் உடலில் 190 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தும் இந்த நிலை. இதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற கசிவுத் துண்டிப்பான். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். எர்த் குழி 100 ஓமாக மோசமாக இருந்தாலும் அது விழாமல் உடலில் நீடித்து நிற்கக்கூடியது 3 வோல்ட்தான். குழியும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும். குழி இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், ஒருவர் தொட்டு அவர் உடல் வழியே மின்சாரம் ஓடிய பிறகுதான் அது விழும்.

"ஆர்சிசிபி போட்டால் அடிக்கடி டிரிப் ஆகிறது, அதனால் கழற்றிவிட்டோம்" என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். டிரிப் ஆவதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்சிசிபிக்குப் பிறகு எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன. நாம் மேலே சொன்ன அந்தத் துண்டு வயர்தான் பெரும்பாலும். லோடு ஓடினாலே நியூட்ரலில் ஒரு பங்கு எர்த் வழியே கிளம்பிவிடும், அது விழுந்துவிடும். குற்றத்தைக் காட்டிக்கொடுத்த கருவியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, குற்றத்தை அப்படியே விட்டுவைக்கிறோம். இரண்டாவது காரணம் கசிவின் கூட்டுத்தொகை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-லிருந்தே விழலாம். ஆகவே வழக்கமான கசிவு ஒன்பது பத்தைத் தாண்டாமல் கருவிகளைப் பிரிக்க வேண்டும். வீடு முழுவதற்கும் ஒன்று என்று வைக்காமல், நெட்வொர்க் பெட்டிக்குத் தனி லைன் இழுத்துத் தனி ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுவதே சரி. அப்போது கீழ்வீட்டு வாட்டர் ஹீட்டர் பழுதானால் கேமரா நிற்காது. மின்னணுக் கருவிகளுக்கு ஏ வகை வாங்க வேண்டும். ஏசி வகை என்று எழுதியிருப்பது, இவற்றின் பழுதில் வரும் அரை அலை மின்சாரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பட்டன் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

குழியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐஎஸ் 3043 தரநிலை சொல்லும் குழாய் எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப் 2.5 மீட்டர் நீளம் இறங்க வேண்டும். நான்கடிக் கம்பியை வாசலில் அடித்துவிட்டு எர்த் என்று பெயர் வைப்பது கோடை வரை தாங்கும். மண் காய்ந்ததும் தடை பல மடங்கு ஏறிவிடும். உப்பும் கரியும் போட்ட குழியில் உப்பு கரைந்து போகும், பைப்பையும் அரிக்கும். சோதனையை மழை முடிந்த ஈர மண்ணில் செய்து திருப்திப்படாமல், சித்திரை வைகாசியில் செய்ய வேண்டும்.

பெட்டிக்குள் எர்த் கம்பியை ஸ்க்ரூவில் சும்மா சுற்றி இறுக்கக் கூடாது. 6 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் செம்புக் கம்பி, நுனியில் கிரிம்ப் செய்த ரிங் லக், அடியில் பல் வாஷர். ராக்கின் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிந்த இடத்தில்தான் மாட்ட வேண்டும். பெயின்ட் நல்ல இன்சுலேட்டர். கதவு கீல் வழியே எர்த் போகும் என்று நம்பாமல் கதவுக்குத் தனியாக ஒரு பின்னல் கம்பி.

"கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்" என்று தனிக் குழி தோண்டி, அதைக் கட்டடத்தின் மற்ற எர்த்தோடு சேர்க்காமல் விடுவது பரவலான தவறு. இடிதாங்கியின் குழி 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தாயிரம் ஆம்பியர் இறங்கினால் அந்தக் குழி ஒரு கணம் ஒரு லட்சம் வோல்ட்டுக்கு உயரும். தனியாக நிற்கும் குழி அப்படியே கீழே நிற்கும். இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொள்வது ஸ்விட்சின் போர்ட். நெட்வொர்க் போர்ட்டில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு 1,500 வோல்ட் சோதனைக்குத்தான் செய்யப்பட்டது. எத்தனை குழி இருந்தாலும் எல்லாவற்றையும் மெயின் போர்டின் பிரதான எர்த் பட்டையில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மொட்டைமாடி வைஃபை கம்பத்துக்கும் இதே விதி: 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நேராகக் கீழே, அதே எர்த் அமைப்புக்கு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்பு நெட்வொர்க் கேபிள் போடவே கூடாது. பள்ளிகளில் இரண்டு பிளாக்குகளை கேட்-6 கேபிளால் மொட்டைமாடி வழியாக இணைத்துவிட்டு, ஒவ்வொரு இடிமழைக்கும் ஸ்விட்ச் மாற்றுகிறார்கள். உலோகம் இல்லாத ஃபைபர் போட்டால் அந்த வழி மூடிவிடும்.

இடி அலையைத் தடுக்கும் எஸ்பிடி என்ற கருவி மெயின் போர்டில் இரண்டாம் வகையாக (டைப் 2) இருக்க வேண்டும். அதன் கம்பிகள் மொத்தம் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. பத்தாயிரம் ஆம்பியர் அலை வரும்போது ஒரு மீட்டர் கம்பியிலேயே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அழகுக்காக வளைத்து வளைத்துக் கட்டிய நீளமான கம்பி எஸ்பிடியின் பயனைத் தின்றுவிடும். எர்த் இல்லாத பாயிண்டில் செருகிய ஸ்பைக் பஸ்டரும் அப்படித்தான். அலையை எங்கே தள்ளும்?

தெருவுக்கு வருவோம். வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளில் கண்ணாடி இழைக்குப் பக்கத்தில், தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. ஃபைபரில் மின்சாரம் போகாது என்பது சரி. அந்த எஃகில் போகும். மின்கம்பத்தில் கட்டிய கேபிள் காற்றில் உராய்ந்து, தோல் போய், தாழ்வழுத்த லைனில் பட்டால், மொட்டைமாடிக் கொக்கியிலும் துணி காயப்போடும் கம்பியிலும் 230 வோல்ட். எஃகுக்குப் பதில் மின்சாரம் கடத்தாத எஃப்ஆர்பி (இழை சேர்த்து வலுவாக்கிய பிளாஸ்டிக்) இழை வைத்த கேபிள் கிடைக்கிறது. புது இணைப்புக்கு அதையே போட வேண்டும். எஃகு உள்ளதைப் போட்டே ஆக வேண்டுமென்றால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பீங்கான் இன்சுலேட்டர் கொடுத்து, வீட்டுக்குள் நுழையும் முன் எஃகை வெட்டி ஒதுக்க வேண்டும். கேபிள் லைனில் கிடப்பதைப் பார்த்தால் கொம்பால்கூடத் தள்ள வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பிஓஇ முறை, தரநிலைப்படி இருந்தால் பாதுகாப்பானது. எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே 48 வோல்ட்டை அனுப்பும். மலிவான பாஸிவ் இன்ஜெக்டர் எதையும் பார்க்காமல் அனுப்பும். தவறான கருவியில் செருகினால் போர்ட் கருகும். கேபிளும் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளை 305 மீட்டர் பெட்டியாகச் செம்பு என்றே விற்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தடை ஒன்றரை மடங்கு, அந்த அளவுக்குச் சூடு. இணைப்பு முனையில் அலுமினியம் தளர்ந்து இன்னும் சுடும்.

யுபிஎஸ் உள்ள பெட்டியில் வேலை செய்யும்போது சுவர் பிளக்கைப் பிடுங்குவது தவறு. கரண்ட் போகாது, எர்த் போய்விடும். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். எம்சிபியை அணைத்து, பிளக்கை அப்படியே விட்டு, யுபிஎஸ்ஸின் அவுட்புட்டையும் அணைத்து, மீட்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பேட்டரி முனைகளைத் தொடும் முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட்தான் என்றாலும் ஷார்ட் ஆனால் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும்.

இதில் யார் பொறுப்பு என்பதுதான் இன்றைய குழப்பம். இணைய நிறுவனம் ஸ்விட்சைத் தருகிறது, உள்ளூர் ஆபரேட்டர் மாட்டுகிறார், குடியிருப்புச் சங்கம் கரண்ட் கொடுக்கிறது, எர்த்தை மூவரும் கேட்பதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2023-இல் புதிதாக வெளியாகிவிட்டன. 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் இந்த மாநிலத்தில்தான் எடுக்கப்பட்டது. ஆகவே, மாநில அரசும் இணைய நிறுவனங்களும் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஒவ்வொரு இணையப் பெட்டியின் கதவின் உட்புறத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: சோதித்த தேதி, ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் வோல்ட், லூப் டெஸ்டர் காட்டிய ஓம், ஆர்சிசிபி விழ எடுத்த நேரம், சோதித்த வயர்மேனின் உரிம எண். அந்தத் தாள் இல்லாத பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க மாட்டோம் என்று குடியிருப்புச் சங்கங்களும் பள்ளி நிர்வாகங்களும் இந்த மழைக்கு முன்பே சொல்லிவிடலாம். அதற்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பு மற்றும் மின்பணித் தொழில்நுட்பர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.